பிரிச்ச குப்பையை மறுபடி யார் பிரிக்கிறது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு மைக் பக்கத்துல ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன். ஒண்ண அமுக்குறேன், கேளுங்க. இப்ப இன்னொண்ணு. ஹெட்ஃபோன் போட்டிருந்தா வித்தியாசம் கேட்டிருக்கும். முதல் பாட்டில் படபடன்னு சத்தம் போடுது. ரெண்டாவது கொஞ்சம் மொத்தமா, மந்தமா மடங்குது.

முதல் பாட்டில் நாம தினமும் பாக்குற தண்ணி பாட்டில், அதாவது பெட். ரெண்டாவது பிவிசி. அத ஒரு ஸ்கிராப் யூனிட்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். ரெண்டுமே கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். தூரத்துல வெச்சா எங்க அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் எழுதின மாடலுக்கும் தெரியல. ஆனா ஒரு அக்காவுக்குத் தெரிஞ்சுது, கையில எடுத்த ஒரு செகண்ட்ல. இன்னைக்கு எபிசோட் அந்த ஒரு செகண்ட பத்தித்தான்.

கம்ப்யூட்டர் விஷன், ரோபோ, குப்பைன்னு சொன்னாலே யூடியூப்ல ஒரு மாதிரி வீடியோ வரும். சிலந்தி மாதிரி ஒரு கை பெல்ட்ல இருந்து பாட்டில டக் டக்னு தூக்கிப் போடும், பின்னாடி டெக்னோ மியூசிக் ஓடும். பாத்தா குப்பைய பிரிக்கிற மெஷின்னு தோணும். உண்மையில அந்த ரோபோக்கள்ல நிறைய, ஏற்கெனவே பிரிச்சு முடிச்ச சரக்கு மேலதான் நிக்குது. பிரிச்ச பிறகும் உள்ள தப்பா வந்து சேர்ந்தத எடுத்துப் போடுறதுதான் அதோட வேலை. அரிசி புடைச்ச பிறகு தட்டுல பரப்பி கல் பொறுக்குவாங்க இல்ல, அந்த வேலை.

ரெண்டு பாட்டில் போதும்

ஏற்கெனவே பிரிச்சாச்சுன்னா அப்புறம் என்ன பிரச்சினை? பெட் பாட்டில எடுத்துக்கலாம். அத அரைச்சு, நகம் அளவு துண்டாக்கி, கழுவி, காயவெச்சு, உருக்குறாங்க. பெட் உருகுறதுக்கு சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேணும். பிவிசி அந்தச் சூட்ட தாங்காது. அதுக்கு ரொம்ப முன்னாடியே சிதைய ஆரம்பிச்சு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவ விடும். ஈரத்தோட சேர்ந்தா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது பெட்டோட நீளமான மூலக்கூறு சங்கிலிய வெட்டிடும். பிளாஸ்டிக் மஞ்சளாகும், கறுப்புப் புள்ளி விழும், பலம் போயிடும்.

எவ்வளவு பிவிசி இருந்தா இப்படி ஆகும்? மறுபடி பாட்டில் செய்யறதுக்குப் பொருள் வாங்குறவங்க, பத்து லட்சத்துல 50 பங்குக்குள்ள இருக்கணும்னு கேக்குறது சகஜம். அதாவது ஒரு டன்னுக்கு 50 கிராம். ஒரு பாட்டில் சுமாரா 25 கிராம்னு வெச்சுக்கோங்க. ஒரு டன்னுல 40,000 பாட்டில். அதுல பிவிசி பாட்டில் ரெண்டு இருக்கலாம், மூணாவது இருக்கக் கூடாது.

தண்ணில போட்டுப் பிரிக்க முடியாதான்னு கேப்பீங்க. நல்ல கேள்விதான். பாட்டில் மூடிகளுக்கு அந்த வழி வேலை செய்யும். மூடி பாலிஎத்திலீன் இல்லன்னா பாலிபுரொப்பிலீன். ரெண்டும் தண்ணிய விட லேசு, அதனால மிதக்கும். பெட் மூழ்கும். மேல மிதக்குறத வழிச்சு எடுத்தா வேலை முடிஞ்சுது. ஆனா பிவிசியோட அடர்த்தியும் பெட்டோட அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டும் 1.4 பக்கம். ரெண்டுமே சேர்ந்து மூழ்கும், தண்ணி காட்டிக் கொடுக்காது. இந்த விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

0.5

இந்தத் துறைக்கு ரோபோ மேல திடீர்னு ஆசை வந்ததுக்கு ஒரு நம்பர் முக்கியமான காரணம். பல வருஷமா அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்களோட பழைய பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் சீனாவுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. அதுல கலப்படம் இருந்தாலும் அங்க கூலி கம்மி, கையாலயே பிரிச்சுக்குவாங்க. 2017 ஜூலையில சீனா உலக வர்த்தக அமைப்புக்கு ஒரு அறிவிப்பு கொடுத்துச்சு. 24 வகைக் கழிவ இனிமே உள்ள விட மாட்டோம்னு. 2018-ல அது நடைமுறைக்கு வந்துச்சு. அப்ப அனுமதி இருந்த பழைய பேப்பர் மாதிரி சரக்குலயும் கலப்படம் 0.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு விதி வந்துச்சு.

100 கிலோ பேப்பர்ல அரை கிலோ. ஈரமான ஒரு டயப்பர் விழுந்தாலே கிட்டத்தட்ட முடிஞ்சுது. அதுவரைக்கும் அமெரிக்க ஆலைகள் பெல்ட்ட வேகமா ஓட்டி அளவுல சம்பாதிச்சாங்க. அதுக்கப்புறம் பெல்ட்ட மெதுவா ஓட்டி, ஆள் அதிகமா போட்டு, சுத்தத்துல சம்பாதிக்க வேண்டியதா போச்சு. ஆனா ஆள் கிடைக்கல. தூசி, நாத்தம், உடைஞ்ச கண்ணாடி, ஊசி, நாள் முழுக்க நின்னுக்கிட்டே செய்யுற வேலை. சேர்ந்தவங்க சீக்கிரமே விட்டுட்டுப் போயிடுவாங்க.

மெஷின் ஏன் தப்பு விடுது?

ரோபோ வர்றதுக்கு முன்னாடியே மெஷின் இருந்துச்சு. ஆப்டிகல் சார்ட்டர்னு பேரு. பெல்ட் வேகமா ஓடும், மேல இருந்து விளக்கு அடிக்கும், சென்சார் அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியப் படிக்கும். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளிய ஒவ்வொரு விதமா உறிஞ்சும். கைரேகை மாதிரி. பெட்டா, பிவிசியான்னு சென்சாருக்கு உடனே தெரியும். பெல்ட்டோட முனையில வரிசையா காத்துக் குழாய் இருக்கும். பெட் வந்தா அந்த இடத்துல மட்டும் காத்து அடிச்சு அந்தப் பக்கம் தள்ளிடும்.

கேக்கறதுக்கு எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கு. பிரச்சினை காத்துல இருக்கு. பெட் பாட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டிட்டு வந்தா அதுவும் சேர்ந்து பறக்கும். ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா மேல இருக்குறதுதான் தெரியும். பாட்டில முழுசா வேற பிளாஸ்டிக் உறை மூடியிருந்தா சென்சார் உறையப் படிக்கும். கரித்தூள் கலந்த கறுப்பு பிளாஸ்டிக் அந்த ஒளிய அப்படியே விழுங்கிடும், சென்சாருக்கு அது வெறும் பெல்ட் மாதிரிதான் தெரியும். அதனால காத்து பிரிச்ச பெட் குவியலுக்குள்ளயும் வேற பொருள் இருக்கும். அதுக்காக அந்தக் குவியல் போற பெல்ட் ஓரத்துல ரெண்டு மூணு பேர் நின்னு கையால பொறுக்குவாங்க. ரோபோ வந்து நின்னது இந்த இடத்துலதான்.

2017-ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல யூஜீன் நகரத்து பல்க் ஹேண்ட்லிங் சிஸ்டம்ஸ் கம்பெனி 'மேக்ஸ்-ஏஐ'னு ஒண்ண அறிமுகப்படுத்துச்சு. ஆரம்பத்துல போட்ட இடங்கள்ல ஒண்ணு, கலிஃபோர்னியாவுல சன் வேலியில இருக்குற ஒரு ஆலை. வெச்ச இடம் பெட் ஆப்டிகல் சார்ட்டருக்கு அடுத்து. மெஷினோட முழுப் பேருலயே 'தானியங்கித் தரக்கட்டுப்பாடு'ன்னு இருக்கும். கொலராடோவுல ஏஎம்பி ரோபாட்டிக்ஸ் தன்னோட ரோபோவுக்கு 'கிளார்க்'னு பேர் வெச்சாங்க. சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதின ஆர்தர் சி. கிளார்க் ஞாபகமா. அவர் பல வருஷம் கொழும்புல வாழ்ந்தவர். ஃபின்லாந்துல ஜென்ரோபாட்டிக்ஸ் இதுக்கும் முன்னாடி, 2007-லேயே ஆரம்பிச்சு, கட்டட இடிபாடு மாதிரி கனமான பொருள்ல வேலை பண்ணாங்க.

அந்த சிலந்திக் கைக்கு டெல்டா ரோபோன்னு பேரு. 1980-கள்ல சுவிட்சர்லாந்துல ரேமோன் கிளாவேல் கண்டுபிடிச்சது. அத வெச்சு முதல்ல செஞ்ச வேலைகள்ல ஒண்ணு சாக்லேட்ட எடுத்துப் பெட்டியில அடுக்குறது. மோட்டார் எல்லாம் மேல இருக்கும், கீழ தொங்குற கை ரொம்ப லேசு, அதனால செம வேகம். முனையில ஒரு ரப்பர் கப், வேக்குவம் பம்ப்போட. உறிஞ்சிப் பிடிக்கும், பக்கத்துப் பெட்டியில போடும். ஒரு மனுஷன் நிமிஷத்துக்கு 30, 40 பொருள் எடுப்பார்னா, ரோபோ 60-லேர்ந்து 80 எடுக்கும்னு கம்பெனிகள் சொல்றாங்க.

80-ங்குறது பெருசா தெரியுது இல்ல? ஆனா ஒரு பெல்ட்ல நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான பொருள் ஓடும். அத்தனையையும் ரோபோ ஒவ்வொண்ணா எடுத்தா கட்டுபடியாகாது. அதனாலதான் மொத்தத்தையும் பிரிக்கிற வேலை காத்துக்கு, மிச்சம் இருக்குற சில தப்பு மட்டும் ரோபோவுக்கு.

96 சதவீதம்னு பீத்தின கதை

இப்ப என் கதைக்கு வரேன். இன்ஜினியரிங் கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு நாங்க மூணு பேர் குப்பைய அடையாளம் காணுற மாடல் செஞ்சோம். டேட்டாசெட் டிராஷ்நெட். 2016-ல ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ரெண்டு பேர் எடுத்த 2,527 படம். கண்ணாடி, பேப்பர், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், மத்த குப்பைன்னு ஆறு வகை. வெள்ளை அட்டை மேல ஒவ்வொரு பொருளா வெச்சு எடுத்தது. அழகான டேட்டாசெட். நம்ம ஊர்ல நிறைய ஃபைனல் இயர் புராஜெக்ட் அது மேலதான் ஓடிருக்கும். எங்களுக்கு நல்ல மார்க் வந்துச்சு.

சில வருஷம் கழிச்சு, வேலையில இருந்துக்கிட்டே, ஒரு நண்பர் மூலமா சென்னைக்கு வெளியே ஒரு சின்ன பெட் பாட்டில் யூனிட்டுக்குப் போனேன். காயலான் கடைகள்லேர்ந்து பாட்டில் கட்டுக் கட்டா லாரியில வரும். பிரிச்சு பெல்ட்ல விடுவாங்க. நாலு அக்கா நின்னு பொறுக்குவாங்க. மிச்சம் அரவைக்குப் போகும். ஓனர் அண்ணனுக்கு ரோபோ வீடியோவ யாரோ காமிச்சிருக்காங்க. "தம்பி, கேமரா மட்டும் முதல்ல போட்டுப் பாக்கலாமா?"ன்னு கேட்டார். நான் சரின்னுட்டேன். சனி, ஞாயிறுல செய்யலாம்னு ஒரு ஆர்வம்.

பழைய மாடல போய் வெச்சேன். ஒண்ணுமே பிடிக்கல. அங்க எந்தப் பாட்டிலும் வெள்ளை அட்டை மேல நிக்கல. நசுங்கி, மண்ணு ஒட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வருது. சரி, புதுசா படம் எடுப்போம்னு பெல்ட் மேல கேமரா மாட்டி, படம் எடுத்து, லேபிள் போட்டு, ட்ரெயின் பண்ணேன். மூணாவது வாரம் 96 சதவீதம் சரியா சொல்லுது. ஓனர்கிட்ட பெருமையா காமிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி படுக்கும்போது உறைச்சுது. அந்த பெல்ட்ல தப்பான பொருள் எவ்வளவு? சுமாரா 100-க்கு ரெண்டு. அப்படின்னா, எத காமிச்சாலும் "இது நல்ல பாட்டில்"னு மட்டும் சொல்ற ஒரு வரி கோட் எழுதினாலே 98 சதவீதம் சரி! நான் மூணு வாரம் ஜிபியு ஓட்டி, ஒரு வரி கோட விட மோசமான ஒண்ண செஞ்சிருக்கேன்.

இத ஒரு கணக்கா பாக்கலாம். பேப்பர் இருந்தா எழுதிக்கோங்க. 1,000 பாட்டில் வருது, அதுல 20 தப்பு. மாடல் தப்புல 90 சதவீதத்த கண்டுபிடிக்குதுன்னு வெச்சுக்கோங்க, 18. நல்ல மாடல்தான். நல்ல பாட்டில் 980-ல 2 சதவீதத்த தப்புன்னு நெனைக்குது, கிட்டத்தட்ட 20. இப்ப ரோபோ கை 38 தடவை நீளணும், அதுல பாதிக்கு மேல நல்ல பாட்டில் மேல. நசுங்கின பாட்டில்ல ரப்பர் கப் சரியா ஒட்டாது, 100-க்கு 85 தடவைதான் பிடிக்குதுன்னு வைங்க. 18-ல 15 தப்பு வெளிய போகும், 20-ல 17 நல்லது போகும். மிச்சம் 968 பாட்டில், அதுல 5 தப்பு. 0.5 சதவீதத்துக்கு ஒரு நூல் மேல!

எல்லாமே கேக்கறதுக்கு நல்ல நம்பர். 90, 98, 85. ஆனா சேர்த்துப் பாத்தா சீனாவோட பழைய 0.5-ஐக் கூட தொடல. பெட்டுக்கு வேண்டிய டன்னுக்கு ரெண்டு பாட்டில்ங்குறது இன்னும் எங்கயோ இருக்கு. பெரிய ஆலைகள்ல அரைச்ச பிறகு துண்டு துண்டா பாக்குற இன்னொரு சார்ட்டரும் இருக்கும். ஆனா முழுசா இருக்குறப்ப ஒரு பாட்டில எடுக்கறது சுலபமா, அதே பாட்டில் நூத்துக்கணக்கான துண்டா சிதறின பிறகு எடுக்கறது சுலபமா? நீங்களே சொல்லுங்க.

இதே தலைவலி ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்திருக்கு. 2021-ல பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 'ஜீரோவேஸ்ட்'னு ஒரு டேட்டாசெட் வெளியிட்டாங்க. உண்மையான ஆலையில ஓடுற பெல்ட்ல எடுத்த வீடியோ. 1,800-க்கும் மேல ஃபிரேம்கள்ல ஒவ்வொரு பொருளோட ஓரத்தையும் வரைஞ்சு லேபிள் போட்டிருக்காங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பேப்பர் பெல்ட்டுங்குறதால பேப்பர்தான் பின்னணி. கண்டுபிடிக்க வேண்டியது அட்டை, பிளாஸ்டிக், உலோகம். அதாவது வேணும்ங்குற பொருள பாக்காம, அங்க இருக்கக் கூடாதத மட்டும் பாக்குறது. நம்ம கல் பொறுக்குற கண்ணும் அப்படித்தான். அரிசிய அது பாக்குறதே இல்ல.

அக்கா சொல்லிக் கொடுத்தது

அந்த நாலு பேர்ல ஒருத்தங்க பல வருஷமா இதே வேலையில இருக்காங்க. பேர் சொல்லல, அக்கான்னே சொல்றேன். என் லேபிள்களச் சரிபார்க்க அவங்கள பக்கத்துல உக்கார வெச்சேன். லேப்டாப்ல படம் படமா தள்ளுறேன். "இது பெட்டு. இது பெட்டு. தம்பி, இது பெட்டு இல்ல"ன்னாங்க. எப்படிக்கா தெரியுதுன்னேன். எழுந்து போய் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்தாங்க.

"அடிய திருப்பிப் பாரு. இதுல நடுவுல ஒரு புள்ளி இருக்கா? அது பெட்டு. இதுல குறுக்கால கோடு மாதிரி தழும்பு இருக்கா? அது அந்த ஜாதி இல்ல." அப்புறம் ரெண்டையும் மடக்கினாங்க. பிவிசில மடங்கின இடம் வெள்ளையா பூத்துச்சு.

நான் வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாத்தேன். அவங்க சொன்னது அச்சு அசலா சரி. பெட் பாட்டில முதல்ல ஒரு சின்ன குழாயா அச்சுல வார்த்து, அப்புறம் ஊதிப் பெருசாக்குறாங்க. வார்த்த வாய் இருந்த இடம்தான் அந்தப் புள்ளி. பிவிசி பாட்டில், உருகின குழாய அச்சு ரெண்டு பக்கமும் கவ்வி ஊதுறது. கவ்வின இடம்தான் அந்தக் கோடு. பள்ளிக்கூடத்துல இத யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. கை கத்துக்கிட்டது.

அதை விடப் பெரிய பாடம் ஒண்ணு இருந்துச்சு. பெல்ட்ல அவங்க வேலை செய்யறத பாத்தேன். மூடிகள் வருது, தொடவே மாட்டேங்குறாங்க. என் மாடல் அந்த மூடிய எல்லாம் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டுது. அக்காவ கேட்டேன், ஏன் விடுறீங்கன்னு. சிரிச்சாங்க.

"அது தண்ணித் தொட்டில தானா மிதந்து போயிடும். போறத புடிக்க ஏன் கைய நீட்டணும்? போகாதத புடி."

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்ல? இதுக்குத்தான். எனக்கு எல்லாத் தப்பும் ஒரே தப்பு. அவங்களுக்கு, அடுத்த கட்டத்துல தானா சரியாகுற தப்பு வேற, யாராலயும் சரி பண்ண முடியாம கடைசி வரைக்கும் போற தப்பு வேற. நிமிஷத்துக்கு 30 தடவைதான் கை நீளும்னா, அந்த முப்பதையும் எதுக்குச் செலவு பண்றதுங்குறதுதான் திறமை. ரோபோவுக்கும் இதே கணக்குதான். அதோட 80 பிக்ல 40-ஐ மூடிக்குச் செலவு பண்ணா, பிவிசி பக்கத்துல தப்பிச்சுப் போயிடும்.

மறுநாளே லாஸ் ஃபங்ஷன மாத்தினேன். மூடிய விட்டா அபராதம் கிட்டத்தட்ட பூஜ்யம். பிவிசி உறை, பிவிசி பாட்டில் விட்டா அபராதம் ரொம்பப் பெருசு. மொத்த அக்யூரசி குறைஞ்சுது. ஆனா மாடல் முதல் தடவையா உருப்படியாச்சு. லேபிளிங் நாலு வார இறுதி ஓடுச்சு. அக்காதான் முக்கால்வாசி பாத்தாங்க. நான் டீ, பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

நாலாவது வாரம் அவங்க கேட்டது ரெண்டு கேள்வி. முதல் கேள்வி: "ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்திருக்கேன், இதுக்குக் கூலி உண்டா தம்பி?" எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. அந்த மாசம் கிளவுட் ஜிபியு பில்ல யோசிக்காம கட்டியிருந்தேன். ஒரு பாட்டிலுக்கும் இன்னொரு பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒரே ஆளுக்கு பஜ்ஜி! மன்னிப்பு கேட்டு, நாலு நாள் கூலியும் கொடுத்தேன். அவங்க கேட்ட பிறகுதான் கொடுத்தேன்ங்குறதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

ரெண்டாவது கேள்வி: "இந்த மெஷின் வந்தா நான் எங்க நிப்பேன்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. "அதெல்லாம் உடனே வராதுக்கா"ன்னு சமாளிச்சேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

ரோபோ வரல. விலையக் கேட்டதும் ஓனர் அண்ணன் சிரிச்சுட்டார். அந்தப் பணத்துக்குப் பல வருஷம் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். கூலி அதிகமா இருக்குற ஊர்ல உருவான மெஷினோட கணக்கு, கூலி குறைஞ்ச இடத்துல அப்படியே ஓடாது.

ஆனா கேமரா தங்கிடுச்சு. பெல்ட் கடைசியில மாட்டினத, கட்டுப் பிரிக்கிற இடத்துக்கு மாத்தினோம். எந்தக் கடையிலேர்ந்து வந்த கட்டுல எவ்வளவு பிவிசி, எவ்வளவு பிளாஸ்டிக் உறைன்னு எண்ணும், அவ்வளவுதான். ஓனர் அந்த எண்ணிக்கைய கடைக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார். சுத்தமா கொடுத்தா கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அழுக்கா கொடுத்தா கொஞ்சம் குறைச்சு. இது நான் கண்டுபிடிச்ச ஐடியா இல்ல. லண்டன்ல 2019-ல ஆரம்பிச்ச கிரேபேரட் போன்ற கம்பெனிகள் கை இல்லாம கண்ண மட்டும் விக்கிறாங்க. பெல்ட்ல என்ன ஓடுதுன்னு எண்ணிச் சொல்றது. நம்ம நாட்டுல அகமதாபாத்ல இஷித்வா மாதிரி கம்பெனிகள் கண்ணும் செய்யறாங்க, கையும் செய்யறாங்க.

கொஞ்ச மாசத்துல உள்ள வர்ற சரக்கே சுத்தமாச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். லிங்க்ட்இன்ல ஒரு போஸ்ட் கூட எழுதி வெச்சேன். அதப் போடல. ஏன்னா, சரக்கு சுத்தமானதும் பெல்ட்டுக்கு நாலு பேர் வேண்டியதில்லன்னு ஆயிடுச்சு. மூணு பேர் போதும். அக்கா இருக்காங்க, அவங்க சீனியர். கடைசியா சேர்ந்த பொண்ணு ஒருத்தங்கள வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்ககிட்ட நான் ஒரு தடவை கூடப் பேசினதில்ல. ரோபோ வேலைய எடுக்கும்னு நெனச்சேன். எடுத்தது ஒரு எக்செல் ஷீட்.

இத வெச்சு மெஷினே வேண்டாம்னு நான் சொல்ல வரல. அந்த பெல்ட் ஓரத்துல ஊசி குத்தினவங்கள பாத்திருக்கேன். லித்தியம் பேட்டரி நசுங்கினா பிரிக்கிற ஆலையே தீப்பிடிக்கும். மனுஷக் கை அங்க இருந்தே ஆகணும்னு சொல்ல எனக்கு மனசு வரல. தேவையும் கூடிட்டுத்தான் போகுது. நம்ம நாட்டுல 2022 பிப்ரவரியில வந்த வழிகாட்டுதல்படி, கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்ல 2025-26-ல 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்கணும், 2028-29-ல அது 60 சதவீதம் ஆகணும்னு இலக்கு. இதுவரைக்கும் பெரும்பாலும் நூலா, துணியா போன பெட், மறுபடி பாட்டிலாகணும். அதுக்கு வேண்டியது டன்னுக்கு ரெண்டு பாட்டில்ங்குற சுத்தம். அந்தச் சுத்தத்த மனுஷக் கை மட்டும் தர முடியாது.

ஆனா இந்த மாதிரி புராஜெக்ட்ல வேலை பாக்குற, பாக்கப் போற ஆளுங்க இத கேட்டுட்டு இருப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, அக்யூரசி நம்பர நம்பாதீங்க. தப்பு அபூர்வமா இருக்குற இடத்துல அது பொய் சொல்லும். எது தப்பிச்சுப் போச்சு, போனதால என்ன நஷ்டம்னு எண்ணுங்க. ரெண்டு, பெல்ட் ஓரத்துல நிக்கிறவங்கள முதல் நாளே பக்கத்துல உக்கார வைங்க, முதல் நாளே கூலியும் பேசுங்க. அவங்க தர்ற லேபிள்தான் உங்க மாடலே. மூணு, "நான் எங்க நிப்பேன்?"ங்குற கேள்விய அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்க ஓனர்கிட்ட கேளுங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டா அதுக்கு ஒரு பதில் வரலாம். அந்தப் பொண்ண கட்டுப் பிரிக்கிற இடத்துல கேமராவோட நிக்க வெச்சிருக்கலாம். சந்தேகமான கட்டுலேர்ந்து பாட்டில எடுத்துப் பாத்து உறுதி பண்ற வேலை அங்க இருக்கு. இன்னைக்கு வரைக்கும் அத ஓனரே செய்யறார். அன்னைக்கு எனக்கு அது தோணல.

மத்தவங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை ஜூஸ் குடிச்சா, பாட்டில் முழுக்க இறுக்கமா ஒரு உறை சுத்தியிருந்தா, அத கிழிச்சுட்டு பாட்டில போடுங்க. அந்த உறை பிவிசியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அப்படியே பாட்டில திருப்பி அடியில அந்தப் புள்ளிய ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒருத்தங்க அத ஒரு செகண்ட்ல கண்டுபிடிப்பாங்க.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வரேன்.